கறுப்பு வளையத்தில் ஒரு மீசை

அத்தியாயம் 11

ஸ்டுடியோக்காரர் லென்ஸைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அடிபட்ட பூனைக்குட்டியை ஏந்தி வருகிறவர் மாதிரி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கடைக் கதவைத் தோளாலேயே தள்ளித் திறந்தார்.

“அண்ணன் இல்லையா?”

“பார்சல் ஆபீஸ் போயிருக்காரு. வர மூணு மணி ஆகும்,” என்றாள் குட்டி.

கடையின் முன்மேஜை குட்டியுடையது. பொருளை வாங்குவது, என்ன கோளாறு என்று கேட்டுச் சீட்டில் எழுதிக் கட்டுவது, எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களைச் சிரித்துப் பேசித் திருப்பி அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. முப்பது வயதாகியும் ‘குட்டி’ அவளை விட்டுப் போகவில்லை.

“மூணு மணியா? ஏழு மணிக்கு எனக்கு ரயிலும்மா. நாளைக்கு ஒரு பட்டமளிப்பு விழா. முந்நூறு பிள்ளைங்க மேடை ஏறப்போறாங்க. முந்நூறு பேரையும் நான் கையாலயா வரையறது?”

“எப்படிங்க விழுந்துச்சு?”

“ஸ்டாண்டோட சாஞ்சிடுச்சு. ஒயர்ல மாட்டினது என் காலேதான். வேற யாரையாவது திட்டலாம்னா அதுக்கும் வழியில்ல.”

பின்கட்டில் விளக்கடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு இந்தப் பேச்சு முழுவதும் கேட்டது. அவள் குட்டியின் அண்ணி. கடைக்கு வருகிறவர்களுக்குக் கண்ணாடியக்கா.

‘கண்ணாடின்னா அக்கா, ஷட்டர்னா அண்ணன்’ என்பது கேமரா வைத்திருக்கிறவர்கள் நடுவே ஊறிப்போன பேச்சு. கீழே விழுந்த லென்ஸைப் பிரித்து, உள்ளே நகர்ந்துபோன கண்ணாடியை மயிரிழை பிசகாமல் பழைய இடத்தில் உட்கார வைக்க அவளை விட்டால் ஆளில்லை. கேமராவின் உடம்பு, ஷட்டர், பொத்தான்கள் எல்லாம் அவள் வீட்டுக்காரருடைய பாகம். பதினாறு வருடமாக ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அப்படித்தான் வேலை பார்த்தார்கள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அது நின்றுபோனது.

அன்றைக்கு அவளுக்கு ஜுரம். படுத்திருக்கச் சொன்னதைக் கேட்காமல் கடைக்கு வந்தாள். மேஜையோரத்தில் இருந்த பையின் மேல் முழங்கை பட்டது. பை தரையில் விழுந்தது. அதற்குள் இருந்தது, பயணத்துக்கு முன் துடைத்துத் தரச் சொல்லி அவள் தம்பி விட்டுப்போயிருந்த பெரிய லென்ஸ்.

கடல் தீவுகளில் பறவைகளைப் படம் எடுக்கப்போகும் குழுவோடு மறுநாள் காலை அவன் கப்பல் ஏற இருந்தான். அந்தக் குழுவில் ஓர் இடத்துக்காக மூன்று வருடம் அலைந்திருந்தான். லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. குழு வேறொருவரை அழைத்துக்கொண்டு போய்விட்டது. தம்பி இப்போது ஓர் அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு முகம் முகமாகப் படம் எடுக்கிறான். அக்காவோடு பேசுவதில்லை.

“உன் கை நடுங்குது. கொஞ்ச நாள் பெரிய லென்ஸ் வேண்டாம்,” என்று வீட்டுக்காரர் மென்மையாகத்தான் சொன்னார். அவளை டாக்டரிடம் கூட்டிப் போனதும் அவர்தான். போன வாரம் இரண்டாவது டாக்டரும் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். கேட்டதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். அவளுக்குப் பயம்தான் கூடியது. காரணமே இல்லாமல் தவறுகிற கையை எந்த மருந்து சரிசெய்யும்?

“கொண்டா குட்டி, பாக்கறேன்,” என்றாள் அங்கிருந்தே.

குட்டி எழுந்து பின்கட்டுக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அண்ணி, வேண்டாமே. இவரோட வேலை எல்லாம் அண்ணன்தானே பாப்பாரு. அவரு வரட்டும்.”

“மூணு மணிக்கு வந்து எப்பப் பிரிச்சு எப்ப மாட்டறது? என்ன ஆயிருக்குன்னு மட்டும் பாத்து வைக்கறேன்.”

“அதுக்கில்ல அண்ணி...”

“எதுக்கு?”

குட்டி கையிலிருந்த லென்ஸை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். ஸ்டுடியோக்காரர் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

விளக்கடியில் இருந்தவள் முதலில் லென்ஸைக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தாள். கண்ணாடி உடைந்திருந்தால் மணல் மாதிரி சரசரக்கும். இது ஒற்றை ஓசை. டொக். கொஞ்சம் விட்டு, மறுபடி டொக்.

‘நைலான் உருளை’ என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. ஏழு மாதமாக வாய் திறக்காத குரல்.

முன்வளையத்தில் கட்டைவிரல் நகம் அளவு ஒடுக்கு. ஸூம் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. விழுந்த விதம் அவளுக்குக் கண்முன் ஓடியது. ஸ்டாண்டோடு சாய்ந்திருக்கிறது, முகம் பக்கவாட்டில் தரையைத் தொட்டிருக்கிறது. அந்த அதிர்ச்சியில், குழாய் வழுக்கி ஓடும் பள்ளத்துக்குள் இருந்த சின்ன உருளை நொறுங்கியிருக்க வேண்டும்.

ரப்பர் பட்டையை உரித்தாள். பின்பக்கத்து நான்கு திருகுகளைக் கழற்றிக் கழற்றிய வரிசையிலேயே காந்தத் தட்டில் அடுக்கினாள். அடியில் இருந்த, காகிதத்தைவிட மெல்லிய தகடுகளை எடுத்து எது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டாள். முதல் இரண்டு திருகுகள் கழலும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் மறந்துபோனாள்.

உருளையை எட்ட வேண்டுமானால் பின்பக்கக் கண்ணாடியை வெளியே எடுத்தாக வேண்டும். இரண்டு கண்ணாடிகள் ஒட்டி, ஒரு கறுப்பு வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பாகம் அது. வளையத்தில் எதிரெதிராக இரண்டு காடிகள், கருவியின் முனை பதியும் சின்ன வெட்டுகள். கவைமுனைத் திருகியை அவற்றில் பொருத்தி மெதுவாகத் திருப்பினாள். முரண்டு பிடிக்காமல் வந்தது. வெள்ளைத் துணிமேல் வைத்து, பக்கவாட்டில் விளக்கைக் காட்டினாள்.

வளையத்தின் விளிம்பில், கறுப்பைச் சுரண்டி ஊசியால் போட்ட கோடு ஒன்று வெள்ளி மாதிரி மின்னியது.

ஒரு கோடு அல்ல, இரண்டு. நடுவில் சேர்ந்து, ஓரங்களில் மேல்நோக்கி வளைந்த இரண்டு சின்னக் கோடுகள்.

மீசை.

அவள் உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். மூன்றாம் முறையும் பார்த்தாள்.

எந்த லென்ஸைப் பிரித்தாலும், கண்ணாடி எந்தத் திசையில் இருந்தது என்பதற்கு அவள் ஓர் அடையாளம் வைப்பாள். எல்லா லென்ஸுக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி. மீசை ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் வைத்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் தம்பி புது லென்ஸில் தூசி புகுந்துவிட்டது என்று கொண்டுவந்தான். அப்போதுதான் மீசை வளர்க்க ஆரம்பித்திருந்தான். அது நாலு முடியாகத் துருத்திக்கொண்டு நின்றது. சிரித்துச் சிரித்து ஓய்ந்தபின் ஊசியை எடுத்து அந்த வளையத்தில் வரைந்தாள். “உன் மூஞ்சில வளராட்டியும் உள்ள வளரட்டும்டா.”

அந்தக் கண்ணாடி ஏழு மாதத்துக்கு முன் அவள் முழங்கை பட்டு உடைந்த கண்ணாடி.

அது ஒரு கீறலும் இல்லாமல் வெள்ளைத் துணிமேல் இருந்தது. ஸ்டுடியோக்காரர் லென்ஸிலிருந்து வந்திருந்தது.

“என்ன அண்ணி, உடைஞ்சிருக்கா?” முன்மேஜையிலிருந்து குட்டி கேட்டாள்.

“இல்ல,” என்றாள். “நல்லா இருக்கு. நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா. நான் இருக்கேன்.”

குட்டி செருப்பை மாட்டிக்கொண்டு போகும் ஓசை அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு போனை எடுத்தாள்.

முதல் தடவை தம்பி எடுக்கவில்லை. இரண்டாம் தடவை, மணி முழுதாக அடித்து ஓயப்போகும்போது எடுத்தான்.

“சொல்லு.” அக்கா என்ற சொல் இல்லை.

“உன் லென்ஸ் இருக்கா, தூக்கிப் போட்டுட்டியா?”

“ஏன்? இன்னொரு தடவை கீழ போடணுமா?”

அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

“இருக்கா இல்லையா, அதைச் சொல்லு.”

“கட்டிலுக்கடியில கிடக்கு.”

“எடுத்துட்டு கடைக்கு வா. இப்பவே.”

“எனக்கு இங்க வேலை இருக்கு. நாப்பது பேரு வரிசையில நிக்கறாங்க. உனக்குத் தோணினப்ப வந்து நிக்க நான் என்ன...”

“டேய், அதை நான் உடைக்கலடா.”

எதிர்முனையில் யாரோ அடுத்தவரைக் கூப்பிடுவது கேட்டது. நாற்காலி இழுபட்டது.

“வரேன்,” என்றான்.

*

ஒரு மணி நேரத்துக்குள் தம்பி வந்துவிட்டான். குட்டி இன்னும் திரும்பியிருக்கவில்லை. இளைத்திருந்தான். மீசையை எடுத்துவிட்டிருந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பையை மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றான்.

அவள் எதுவும் விளக்கவில்லை. அவன் லென்ஸை அவன் கண்முன்னால் பிரித்தாள். விரிசல் விட்ட கண்ணாடியோடு அந்தக் கறுப்பு வளையம் வெளியே வந்தது.

“மீசை எங்க இருக்குன்னு பாரு.”

அவன் வாங்கி விளக்கில் பிடித்தான். வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். “இதுல இல்லையே.”

“இப்ப இதைப் பாரு.”

இரண்டாவது வளையத்தைக் கையில் கொடுத்தாள். பார்த்தவனின் இறுகியிருந்த முகம் தளர்ந்தது.

“இது எப்படி?”

“இது இன்னைக்குக் காலையில ஸ்டுடியோக்காரர் லென்ஸ்ல இருந்து வந்துச்சு. உன் லென்ஸ்ல இருக்கறது அவரோட கண்ணாடி. இன்னும் ஒண்ணு பாரு. இந்தக் காடியில ஆரம்பிச்சு ஒரு கீறல் போகுதா? அது எங்க போய் முடியுது?”

“விரிசல் ஆரம்பிக்கற இடத்துல.”

“கீழ விழுந்தா இப்படிக் கீறல் விழாது. இறுகிக் கிடக்கற வளையத்தை அழுத்தித் திருகும்போது கருவி நழுவினா விழும். இது விழுந்து உடைஞ்சது இல்லடா. கழட்டறப்ப உடைஞ்சது. என் முழங்கை படறதுக்கு முன்னாடியே உடைஞ்ச கண்ணாடிதான் அந்தப் பைக்குள்ள இருந்திருக்கு.”

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான்.

“மாமாவா?”

இந்தக் கடையில் திருகி பிடிக்கத் தெரிந்த கை இரண்டு பேருக்குத்தான் உண்டு.

“அன்னைக்கு நான் உன்னை என்னெல்லாம் பேசினேன்!” என்றான். “பொறாமையில பண்ணினியான்னுகூட கேட்டேன்.”

“கேட்ட.”

“நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே.”

“நான்தான் உடைச்சேன்னு நானே நம்பினேனே. என்னத்தைச் சொல்ல?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. அன்று பை விழுந்ததும் வீட்டுக்காரர் ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தது நினைவுக்கு வந்தது. லென்ஸைத் தானே வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, “நீ பாக்காதே. பாத்தா இன்னும் கஷ்டப்படுவே,” என்று துணியைப் போட்டு மூடினார். அதை அவள் இத்தனை நாள் அன்பு என்று எண்ணி வைத்திருந்தாள்.

*

மூன்று மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். குட்டி அவருக்குச் சற்று முன்னால் வந்து, முன்மேஜையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அடடே, வாப்பா வாப்பா! எத்தனை மாசமாச்சு! உங்க அக்கா உன்னை நினைச்சு நினைச்சே...”

அதற்குள் மேஜை கண்ணில் பட்டது. வெள்ளைத் துணி. அதன்மேல் பக்கம் பக்கமாக இரண்டு கறுப்பு வளையங்கள். கையிலிருந்த பார்சலை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

“எதைப் பிரிச்சே?” என்று கேட்டார்.

“உங்களுக்கே தெரியும்,” என்றாள்.

“குட்டி, நான் வராம யார் வேலையும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“அவளை ஏன் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க. இல்ல, நான் உங்களைக் கேக்கறேன். என் தம்பி கண்ணாடி எப்படிங்க அவரு லென்ஸுக்குள்ள போச்சு?”

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்சலைத் தரையில் வைத்தார். உட்கார்ந்தார்.

“உடைக்கணும்னு உடைக்கல.”

“தெரியும்.”

“அவரு லென்ஸ்ல வளையம் இறுகிக் கிடந்துச்சு. நீ இருந்திருந்தா சூடு காட்டி எடுத்திருப்பே. அன்னைக்கு நீ வீட்டுல இருந்தே. நம்மாலயும் முடியும்னு அழுத்தினேன். நழுவிடுச்சு.”

“என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்றது?” முதல் தடவையாக அவர் குரல் ஏறியது. “கடைக்குள்ள நுழையறவன் எல்லாம் அக்கா இருக்காங்களான்னுதான் கேக்கறான். நான் எதிர்ல நிக்கும்போதே என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பாக்கறான். முதல் தடவையா ஒருத்தரு, ‘அண்ணே, நீங்களே பாருங்க’ன்னு லென்ஸைக் கையில குடுத்துட்டுப் போறாரு. அதை உடைச்சிட்டேன்னு உன்கிட்டயே வந்து சொல்லணுமா?”

“அதுக்கு என் தம்பி கண்ணாடியை எடுப்பீங்களா?”

“அதே ரக லென்ஸ், அலமாரியில இருந்துச்சு. புதுக் கண்ணாடிக்கு எழுதிப் போட்டேன். தம்பி வந்து எடுக்கறதுக்குள்ள வந்திடும், மாத்தி வெச்சிடலாம்னு நினைச்சேன். வரல. எப்படிச் சொல்றதுன்னு தவிச்சிட்டு இருந்தேன். அப்பத்தான் பை விழுந்துச்சு.”

“விழுந்துச்சு. நீங்க வாயை மூடிக்கிட்டீங்க.”

“அந்த நிமிஷம் அப்படி ஆகிப்போச்சும்மா.”

“ஒரு நிமிஷமா? ஏழு மாசங்க.” அவள் குரல் உயரவில்லை. “என் கை நடுங்குதுன்னு சொன்னீங்க. நான் தட்டைப் பிடிச்சா பாத்தீங்க, தண்ணி ஊத்தினா பாத்தீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க. வெளியில காத்திருந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்க. ஒண்ணுமில்லன்னு அவரு சொன்னதும், இன்னொரு டாக்டரைப் பாப்போம்னு நீங்கதானே சொன்னீங்க? அதுவும் அந்த நிமிஷத்துல ஆனதா?”

அவர் தலை குனிந்தது.

“எழுதிப் போட்ட கண்ணாடி என்ன ஆச்சு, மாமா?” என்று தம்பி கேட்டான்.

அவர் கண் தன் பக்கத்து இழுப்பறைமேல் போய் மீண்டது. அவன் இன்னொரு முறை கேட்டான்.

“வந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு.”

“எங்க இருக்கு?”

அவர் எழுந்து தன் பக்கத்து இழுப்பறையை முழுவதுமாக வெளியே இழுத்தார். அதன் அடியில், பின்னால் தள்ளி வைத்திருந்த சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தார். ஒட்டின முத்திரைகூடப் பிரிக்கவில்லை. ஐந்து மாதமாக அவள் உட்காரும் இடத்திலிருந்து இரண்டடி தூரத்தில் இருந்திருக்கிறது.

“தம்பி போனை எடுக்கல. நீயும் அதைப் பத்திப் பேசறதை விட்டுட்டே. சரி, ஆறிப்போச்சுன்னு...”

“ஆறிப்போச்சா?” என்றாள்.

அதற்குமேல் அவரிடம் எதையும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கி முத்திரையைப் பிரித்தாள். விளக்கை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டரை மணி நேரம் அவள் விளக்கடியை விட்டு எழவில்லை. ஒடுக்கெடுக்கும் கருவியை முன்வளையத்தில் பொருத்தி, அரை அரை திருப்பாக இறுக்கி, நெளிவை எடுத்தாள். நொறுங்கிய உருளையை மாற்றினாள். புதுக் கண்ணாடியை ஸ்டுடியோக்காரர் லென்ஸில் உட்கார வைத்துத் தகடுகளை அதே வரிசையில் அடுக்கி மூடினாள். மீசை போட்ட கண்ணாடி தம்பியின் லென்ஸுக்குத் திரும்பியது. இரண்டையும் கேமராவில் மாட்டி, எதிர்ச்சுவரில் சோதனைக்காக ஒட்டியிருந்த கோட்டுத்தாளைப் படம் பிடித்துப் பார்த்தாள். நான்கு மூலையும் கத்தி மாதிரி தெளிவாக இருந்தன.

அவள் கையை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு முறைகூட நடுங்கவில்லை.

*

ஆறு மணிக்கு ஸ்டுடியோக்காரர் பெட்டியும் கையுமாக வந்தார். லென்ஸை வாங்கி ஸூமைத் திருப்பிப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“வெண்ணெய் மாதிரி போகுதே! அண்ணே, பிரமாதம்!”

“அவரு பண்ணல. நான்தான் பண்ணினேன்,” என்றாள் அவள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன தடவை நீங்க குடுத்தப்ப உங்க கண்ணாடியை இந்தக் கடையிலதான் உடைச்சோம். அதை மறைச்சு, இதோ நிக்கறானே என் தம்பி, இவன் லென்ஸ்ல இருந்து எடுத்து உங்களுக்குப் போட்டுக் குடுத்திருக்கோம். இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இப்ப உள்ள இருக்கறது புதுசு.”

“உள்ள போய்ப் பேசிக்கலாமே...” என்று வீட்டுக்காரர் எழுந்தார்.

“வேண்டாம். இங்கயே பேசலாம்.”

ஸ்டுடியோக்காரர் லென்ஸைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கடைசியில் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது.

“ஏண்ணே, உடைஞ்சிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? காத்திருந்திருப்பேன். என்கிட்ட பழைய லென்ஸ் ஒண்ணு இருக்கே. உங்களை நம்பித்தானே நீங்களே பாருங்கன்னு குடுத்தேன்?”

ஸ்டுடியோக்காரர் தம்பியின் தோளில் கையை வைத்து எடுத்துக்கொண்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்.

அவள் மேஜையைத் துடைத்தாள். தன் திருகிகளை ஒவ்வொன்றாகத் துணி உறைக்குள் செருகிச் சுருட்டிக் கட்டினாள்.

“என்ன பண்றே?” என்றார் வீட்டுக்காரர்.

“தம்பி வீட்டுக்குப் போறேன்.”

“எப்ப வருவே?”

“தெரியல.”

“தப்புதாம்மா. பெரிய தப்பு. உன் கால்ல விழறேன். ஆனா ஒண்ணே ஒண்ணை மட்டும் நம்பு. அந்தப் பை தானாத்தான் விழுந்துச்சு. அதை நான் தள்ளல. உன்னை மாட்டிவிடணும்னு நான் நினைக்கல. விழுந்ததைப் பயன்படுத்திக்கிட்டேன், அவ்வளவுதான்.”

‘அவ்வளவுதான்’ என்பதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டாள். தம்பி தன் பையோடு வாசல் வரை போய்விட்டான்.

“அண்ணி.”

குட்டி முன்மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். சாப்பிட்டுத் திரும்பியதிலிருந்து அவள் வாய் திறக்காததை யாரும் கவனித்திருக்கவில்லை. பதினாறு வருடத்துக்கு முன் அண்ணி இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது, தாயை இழந்து, தலைகூட வாராமல் மூலையில் உட்கார்ந்திருந்த பதினாலு வயதுப் பெண் அவள். ‘உன் அண்ணன் வேணும்னா சண்டை போடுவாரு, நான் உன்கிட்ட போடமாட்டேன்’ என்று அன்று சொன்ன வார்த்தையை அண்ணி இதுவரை மீறியதில்லை.

“அந்தப் பை தானா விழல அண்ணி. அது அலமாரியில பூட்டித்தான் இருந்துச்சு. எடுத்து உங்க முழங்கைப் பக்கம் ஓரத்துல வெச்சது நான்.”

அவள் கை கதவுப்பிடியிலேயே நின்றுவிட்டது.

“கண்ணாடி உடைஞ்சது எனக்குத் தெரியும். அண்ணன் ராத்திரி பூரா தூங்கல. அம்மா செத்தப்பகூட அழாதவரு அழுதாரு. என்னால பாக்க முடியல. உங்களுக்கு ஜுரம், கை பட்டு விழுந்தா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். நீங்க இவ்வளவு உடைஞ்சு போவீங்கன்னு நினைக்கல.”

தன் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டபோது நேராக நின்றவள் இப்போது சுவரில் சாய்ந்துகொண்டாள். எதிரே நின்றவளை, தான் தலைவாரிப் பின்னி வளர்த்தவளை, வெகுநேரம் பார்த்தாள்.

“நீ வெச்சது உங்கண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றார் அவர்.

“தெரியும்,” என்றாள் குட்டி.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலில் நின்ற தம்பி திரும்பி உள்ளே வந்தான். கதவைச் சாத்தினான். ஒரு நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் போட்டான். இன்னொன்றை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“சரி,” என்றான். “யாராவது ஒருத்தர் முதல்லேருந்து சொல்லுங்க.”